அஞ்சலைக்கு நான் சொல்லாத பதில்

பெரிய கிராணி, நீர் ஒரு கோழை. அறுபது குடும்பத்துக் குழந்தைகளை நாலு வாரம் நடுங்க வைத்தவர் நீர். இன்று ஈப்போவில் கழுத்தில் மாலையோடு நின்று குழந்தை வளர்ப்பைப் பற்றிப் பிரசங்கம் செய்கிறீர்.

நான் உம்மைவிடக் கேடு கெட்டவன். எட்டு வயதுப் பெண் ஒருத்தி என்னிடம் ஒரு கேள்வி கேட்டாள். பதில் எனக்குத் தெரியும். ஒரே சொல்லில் அடங்கும் பதில். சொல்லியிருந்தால் அவளும் அவள் தாயும் தப்பியிருப்பார்கள். நான் சொல்லவில்லை.

குற்றம் இவ்வளவுதான். உங்களில் அவசரக்காரர்கள் இத்தோடு தாளை மடித்து வைத்துவிட்டு வேறு வேலை பார்க்கலாம். மற்றவர்கள் இருங்கள். நான் எப்படிப்பட்டவன் என்று முழுக்கத் தெரிந்துகொண்டு போங்கள்.

போன மாதம் ஈப்போவில் நம் ஆட்கள் வைத்திருக்கும் சங்கத்தின் கூட்டத்துக்கு நானும் போயிருந்தேன். ஐம்பது பேர் இருப்பார்கள். முன் வரிசையில் கடை முதலாளிகள், ஆபீஸ் உத்தியோகஸ்தர்கள். பின்னால் என்னைப் போன்றவர்கள். கிராணி எழுந்தார். இப்போது அவர் தோட்டத்து ஆபீஸில் கணக்கு எழுதி ஆளை ஏவுகிற கிராணி இல்லை, சங்கத் தலைவர். குரல் மட்டும் அதே குரல்.

"கொழந்தைங்களுக்கு ஏதுங்க கவலை? சோறு இருந்தா சிரிக்கும், இல்லன்னா அழுவும். கவலைங்கிறது பெரியவங்க பேசிப் பேசி அதுங்க காதுல ஊத்துற விஷம். வீட்டுல பேசாதீங்க. கேட்டா ஒரு அதட்டு. தானா அடங்கிடும்" என்றார்.

எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.

ஏன் தட்டினேன்? யோசித்துப் பார்த்தேன். அவர் பேசி முடித்தால் தட்டிப் பழகிய கை இது. மூளையைக் கேட்காமல் அதுவே தட்டிவிட்டது. வீட்டுக்குத் திரும்பும் வழியில் கிந்தா ஆற்றுப் பாலத்தின் மேல் நின்று அந்தக் கையைப் பார்த்தேன். காறித் துப்ப வேண்டும் போல் இருந்தது.

நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். கோப்பெங்குக்குத் தெற்கே ஒரு கித்தாத் தோட்டம். கித்தா என்று நாங்கள் சொல்வது ரப்பரை. அங்கே நான் வாத்தியாராக இருந்தேன். வாத்தியார் என்றதும் பெரிய படிப்பாளி என்று நினைத்துவிடாதீர்கள். ஊரில் நாலாம் வகுப்பு. கப்பலேறி வந்து மூன்று வருஷம் பால் மரம் வெட்டினேன், அதாவது பட்டையைக் கீறிப் பால் இறக்கினேன். தோட்டத்தில் பள்ளிக்கூடம் வைத்தாக வேண்டும் என்று சர்க்கார் சொல்லிவிட்டது. தோட்டத்து மேனேஜரான வெள்ளைக்காரத் துரை கிராணியிடம் சொன்னார். விடியலில் கூலிகள் வரிசையில் நின்று பெயர் கொடுக்கிற பெரட்டுக்குக் கிராணி வந்தார். "எழுதப் படிக்கத் தெரிஞ்சவன் எவன்டா?" என்றார். நான் கையைத் தூக்கினேன். என் தகுதி அவ்வளவுதான்.

காலையில் பள்ளிக்கூடம். மத்தியானம் கிராணியின் ஆபீஸில் பெயர்ப் புத்தகத்தைத் தமிழில் நகல் எழுதுவேன். அங்கே எனக்கென்று ஒரு நாற்காலி உண்டு. மரம் வெட்டியவனுக்கு நாற்காலி! அது போய்விடக் கூடாது என்பதைத் தவிர அந்த நாளில் எனக்கு வேறு கொள்கை கிடையாது.

கித்தா விலை விழுந்தது. தோட்டத்தில் ஆள் குறைக்கப் போகிறார்கள் என்று பேச்சு கிளம்பியது. பெயர் வெட்டுப்பட்டவர்களை லாரியில் ஏற்றி ஈப்போ ஸ்டேஷன், அங்கிருந்து பினாங்கு, பினாங்கிலிருந்து கப்பல். சொந்த ஊருக்குப் போவது நல்லதுதானே என்று கேட்பீர்கள். ஊரில் ஏதாவது இருந்திருந்தால் நாங்கள் ஏன் இங்கே வந்தோம்?

துரை பன்னிரண்டு பேரைக் குறைக்கச் சொன்னார். கிராணி ஒரே மத்தியானத்தில் முடிவு செய்துவிட்டார். அவர் சொல்லச் சொல்ல எழுதியவன் நான். பன்னிரண்டே பெயர். மற்றவர்களுக்கு எந்த ஆபத்தும் இல்லை.

"ஐயா, நாளைக்குப் பெரட்டுல படிச்சிடலாமா?" என்று கேட்டேன்.

கிராணி தாளை மடித்து மேஜைக்குள் வைத்துப் பூட்டினார். "என்ன அவசரம்? லாரி வர நாலு வாரம் கெடக்கு. இன்னாருக்குத்தான்னு தெரிஞ்சா அவன் கத்தியக் கீழ போட்டுருவான், மத்தவன் காலை நீட்டிப் படுத்துக்குவான். யாருக்குன்னு தெரியாட்டி எல்லாரும் வெட்டுவான். பயம் இருந்தாத்தான் பால் ஊறும், வாத்தியாரே. நீ வெளிய வாயத் தொறந்தே, பதிமூணாவது பேரு உன்னோடது."

நான் சிரித்தேன். அவர் வேடிக்கை பேசினால் சிரிக்க வேண்டும்.

அவர் கணக்கு சரியாகத்தான் இருந்தது. எல்லோரும் வெட்டினார்கள். மழை விட்டு மரம் காய்வதற்குள் ஓடினார்கள். கூலியைக் குறைத்தபோது ஒருவரும் வாய் திறக்கவில்லை. மாலையில் லயத்துக்குத் திரும்பி வந்து முணுமுணுத்தார்கள். லயம் என்றால் ஒரே கூரையின் கீழ் வரிசையாகப் பத்து அறை. முதல் அறையில் இருமினால் பத்தாவது அறையில் கேட்கும். குழந்தைகள் பாயில் படுத்துக்கொண்டு அத்தனையையும் கேட்டார்கள். முழுதும் விளங்காத வயதில் பாதி விளங்குவது இருக்கிறதே... மீதிப் பாதியைக் குழந்தை தானே இட்டு நிரப்பிக்கொள்ளும். அது உண்மையைவிட எப்போதும் பெரிதாகவே இருக்கும்.

பள்ளிக்கூடத்தில் என்ன நடந்தது என்று சொல்கிறேன். முத்தையன் என்றொரு பையன் நகத்தைச் சதை வரை கடித்தான். விரலிலேயே பிரம்பால் அடித்தேன். அக்கா தங்கை இரண்டு பேர் காரணமில்லாமல் ஒருத்தியை ஒருத்தி பிறாண்டிக்கொண்டார்கள். வெயிலில் நிறுத்தினேன். பாய் நனைத்த குழந்தையை எழுப்பி நிறுத்தி எல்லோரையும் பார்க்கச் சொன்னேன். பாதிப் பேருக்கு வயிற்று வலி. தோட்டத்தில் மருந்து கொடுப்பவரை டிரெசர் என்போம். அவருக்கு வயிற்று வலி என்றால் பூச்சி. வரிசையில் நிறுத்திப் பூச்சி மருந்து ஊற்றினார். மறுநாளும் வலித்தது. மறுபடி ஊற்றினார். பயத்தைப் பேதியாக வெளியேற்றப் பார்த்த தோட்டம் உலகத்திலேயே எங்களுடையதாகத்தான் இருக்கும். நான் பிள்ளைகளின் மூக்கைப் பிடித்துக்கொண்டு உதவி செய்தேன்.

அத்தனை பெரிய தோட்டத்தில் ஒருத்திக்குத்தான் விஷயம் விளங்கியது. ராக்கு. முப்பது வயதிருக்கும். ஆயாக் கொட்டகையில் வேலை. தாய்மார் மரத்துக்குப் போனபின் கைக்குழந்தைகளைத் தொட்டிலில் போட்டு ஆட்டுவாள். பெரிய பிள்ளைகளுக்குக் கஞ்சி ஊற்றிப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவாள். அவளுக்கு ஓரெழுத்துக்கூடத் தெரியாது. வாய் மட்டும் உண்டு.

ஒரு நாள் பிள்ளைகள் வரத் தாமதமாயிற்று. பிரம்பை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனேன். ராக்கு தரையில் குந்தியிருந்தாள். கையில் மங்கு. மரத்தில் பால் பிடிக்கக் கட்டுவோமே, அந்தக் கிண்ணம். பக்கத்தில் ஒரு வாளி. பிள்ளைகள் அவளைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள்.

"இன்னைக்கு உள்ள எவ்ளோ இருக்கு? மங்கா, வாளியா?" என்று முத்தையனைக் கேட்டாள்.

அவன் யோசித்தான். "அரை வாளி."

"நேத்து?"

"நேத்து முக்கா."

"அட, கொறஞ்சிருக்கே. எங்க இருக்கு? வயித்துலயா, நெஞ்சுலயா?"

"தொண்டையில."

"அதான் கஞ்சி எறங்க மாட்டேங்குது. யாரு ஊத்துனது?"

"அப்பா. நம்மளயும் ஏத்திருவான்னு அம்மாகிட்ட சொன்னாரு. அம்மா அழுவுது."

ராக்கு மங்கை அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள். "சரி, எனக்குக் கொஞ்சம் ஊத்து."

பையன் வாயைக் குவித்து அதற்குள் ஊதினான். மூச்சு முட்ட ஊதினான். மற்றவர்கள் சிரித்தார்கள். கடைசியில் அவனும் சிரித்தான்.

"என்ன ராக்கு, பேய் ஓட்டுறியா?" என்றேன் நான்.

"பேயா இருந்தா ஓட்டிறலாம் வாத்தியாரே. இது பயம். அளந்துதான் பாக்கணும்."

"பயப்படாதேன்னு ஒரு அதட்டு போட்டா முடிஞ்சுது. இதுக்கு ஒரு கூத்து."

"கொசுவப் பாத்துக் கடிக்காதேன்னு அதட்டிப் பாருங்க. கேக்குதான்னு பாப்போம்."

பிள்ளைகள் சிரித்தார்கள். இந்த முறை என்னைப் பார்த்து.

இன்று எனக்கு விளங்குகிறது. பயம் என்றால் என்ன என்று கேட்டால் ஒரு குழந்தைக்குச் சொல்லத் தெரியாது. எனக்கே தெரியாது. ஆனால் அரை வாளி என்றால் அதற்குத் தெரியும். தாயும் தகப்பனும் தினமும் ஸ்டோரில் பால் அளந்து கொடுப்பதைப் பார்த்து வளர்கிற குழந்தை. அதற்குத் தெரிந்த அளவையையே ராக்கு அதன் கையில் கொடுத்தாள். எங்கே இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது, யாரால் வந்தது... இவ்வளவுதான் கேட்டாள். பயப்படாதே என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. தெரியாததைத் தெரிந்ததாகவும் சொல்லவில்லை. "நம்மள ஏத்துவாங்களாக்கா?" என்று ஒரு குழந்தை கேட்டது. "எனக்குத் தெரியாதுடி. எனக்கும் கால் வாளி இருக்கு" என்றாள். அந்தக் குழந்தை அதைக் கேட்டுவிட்டுக் கஞ்சியை முழுதும் குடித்தது. என் கண்ணால் பார்த்தேன்.

பார்த்துவிட்டு என்ன செய்தேன்? அன்று மத்தியானமே கிராணியிடம் போய்ச் சொன்னேன். ராக்கு லயத்துப் பேச்சையெல்லாம் பிள்ளைகளிடம் கிளறுகிறாள், பிள்ளைகள் கெட்டுப்போகிறார்கள் என்றேன்.

"அப்பிடியா சங்கதி? நாளைல இருந்து அவ புல்லு வெட்டட்டும்" என்றார் கிராணி. "சர்க்கார் ஆளு வந்தாலும் வருவாரு. எவனாச்சும் கேட்டா என்ன சொல்லணும்னு பிள்ளைங்களப் பழக்கி வை."

கிராணிக்குப் பயந்து கோள் சொன்னேனா? இல்லை. பிள்ளைகள் என்னைப் பார்த்துச் சிரித்தார்களே, அதற்காகச் சொன்னேன். இவ்வளவு அற்பமான காரணம்.

மறுநாள் முதல் கொட்டகையில் வேறொரு ஆயா. கஞ்சி ஊற்றுவாள், கேள்வி கேட்கமாட்டாள். பள்ளிக்கூடத்தில் நான் புதுப் பாடம் ஆரம்பித்தேன். நான், "எப்படி இருக்கிறாய்?" என்பேன். நாற்பது தொண்டையும் சேர்ந்து, "சுகமாக இருக்கிறேன், ஐயா" என்னும். ஒரு வாரத்தில் மிக நன்றாக வந்துவிட்டது. நான் கற்றுக்கொடுத்த பாடங்களிலேயே பிள்ளைகள் பிழையில்லாமல் சொன்னது அது ஒன்றுதான்.

அஞ்சலை இரண்டாம் வரிசையில் உட்காருவாள். தகப்பன் காய்ச்சலில் போய்விட்டான். தாய் வீராயி மட்டும்தான். மெலிந்த பெண். சிலேட்டில் எழுதியதை யாரும் பார்ப்பதற்குள் உள்ளங்கையால் அழித்துவிடுவாள். ராக்கு இருந்தவரை தினமும் "ரெண்டு வாளி" என்றுதான் சொல்வாளாம். ராக்கு போனபின் அவளைக் கேட்க ஆள் இல்லை. அதனால் அவளே கேட்கத் துணிந்தாள். என்னிடம்.

பள்ளிக்கூடம் விட்டு எல்லோரும் போய்விட்டார்கள். அவள் போகவில்லை.

"வாத்தியாரே."

"என்ன?"

"எங்கம்மா பேரு எழுதிட்டீங்களா?"

ஆபீஸில் எழுதுகிறவன் நான் என்று லயம் முழுவதற்கும் தெரியும். எட்டு வயதுக் குழந்தை சரியான இடத்தில்தான் வந்து கேட்டது.

"யாரு சொன்னது உனக்கு?"

"யாரும் சொல்லல. அம்மாவ மட்டும் லாரியில ஏத்திட்டா நான் எங்க இருக்கிறது? அம்மா மரத்துக்குப் போனா... திரும்பி வருமா, அப்பிடியே ஏத்திருவாங்களான்னு இருக்கு. எழுதிட்டீங்களா இல்லையா, அத மட்டும் சொல்லுங்க வாத்தியாரே. நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

பன்னிரண்டு பெயரும் எனக்கு மனப்பாடம். வீராயி அதில் இல்லை. இல்லை என்று சொல்ல எவ்வளவு நேரம் பிடிக்கும்? வாயைத் திறக்க வேண்டாம், தலையை ஆட்டியிருந்தாலே போதும்.

"அதெல்லாம் பெரியவங்க சமாச்சாரம். எட்டாம் வாய்ப்பாடு வருதா உனக்கு? போ, போய்ப் படி."

அவள் போனாள். எட்டாம் வாய்ப்பாட்டை வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டே போனாள். நன்றாகச் சொன்னால் நான் பதில் சொல்வேன் என்று நினைத்தாளோ என்னவோ...

கிராணியின் மிரட்டலுக்குப் பயந்துதான் என்று நீங்கள் எனக்காகச் சமாதானம் சொல்வீர்கள். அப்படியே எழுதிவிட்டால் எனக்கும் வசதிதான். ஆனால் அது பொய். அங்கே அவளையும் என்னையும் தவிர ஒரு ஈ காக்கை இல்லை. யாரிடமும் சொல்லமாட்டேன் என்றாள். சொல்லியிருக்கமாட்டாள்.

உண்மை வேறு. அந்த நாலு வாரமும் நான் லயத்தின் வழியே நடந்தால் பெண்கள் எழுந்து நின்றார்கள். என்னோடு சேர்ந்து மரம் வெட்டி, என்னோடு கள்ளுக்கடையில் சண்டை போட்டவர்கள், "வாங்க வாத்தியாரே, உக்காருங்க" என்று பாயை உதறிப் போட்டார்கள். வீராயி இரண்டு முட்டை கொண்டுவந்து கொடுத்தாள். ஒன்றும் கேட்கவில்லை. என் முகத்தை ஒரு முறை பார்த்துவிட்டுப் போனாள். எனக்கு அதெல்லாம் பிடித்திருந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக மனிதர்கள் என்னைக் கண்டு நடுங்கினார்கள். ஒருத்திக்கு உண்மையைச் சொன்னால், அவள் வாய் திறக்காவிட்டாலும், அவள் முகம் தெளிவதைப் பார்த்து மெல்ல மெல்ல எல்லோருக்கும் பயம் போய்விடும். பிறகு நான் பழையபடி யாரோ ஒருவன்.

அதற்காகத்தான் வாயை மூடிக்கொண்டேன். முட்டைகளை அவித்துத் தின்றேன்.

அடுத்த வாரம் சர்க்கார் அதிகாரி வந்தார். வெள்ளைக்காரர். நல்ல மனிதர் என்றே நினைக்கிறேன், ஏனென்றால் அவர் ஒருவர்தான் குனிந்து அஞ்சலையின் முகத்தைப் பார்த்தார். ஏதோ கேட்டார். கூட வந்தவர் தமிழில் சொன்னார்: "ஏன் இப்பிடி எளைச்சிருக்கே, உடம்புக்கு என்னன்னு கேக்கிறாரு."

"சுகமாக இருக்கிறேன், ஐயா" என்றாள் அஞ்சலை. நான் பழக்கியபடியே, ஒவ்வொரு எழுத்தும் தெளிவாக.

அதிகாரி நிமிர்ந்தார். கிராணி என் தோளைத் தட்டினார். எனக்குப் பெருமையாக இருந்தது. மறைக்கப் போவதில்லை, பெருமையாகத்தான் இருந்தது.

அவள் கஞ்சியை நாய்க்கு ஊற்றிக்கொண்டிருந்தாள் என்பது பிறகுதான் தெரிந்தது. தூக்கமும் இல்லையாம். தாயின் முந்தானையைத் தன் மணிக்கட்டில் முடிந்துகொண்டு உட்கார்ந்திருப்பாளாம், எழுந்து போனால் தெரிய வேண்டும் என்று. வயிறு வலிக்கிறது என்றதும் டிரெசர் மூன்றாம் முறை பூச்சி மருந்து ஊற்றினார். வெறும் வயிற்றில். அன்று வகுப்பில் சுருண்டு விழுந்தாள். தொட்டால் சுட்டது. மாட்டு வண்டியில் டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். வீராயி கூடப் போனாள்.

பதினோரு நாள்.

லாரி வருகிற வாரம் கிராணி மேஜையைத் திறந்து பட்டியலை எடுத்தார். ஒரு பெயரை அடித்தார். அது கங்காணியின் மைத்துனன் பெயர். கங்காணி வந்து தலையைச் சொறிந்துவிட்டுப் போயிருந்தான். ஆனால் துரைக்குப் பன்னிரண்டு வேண்டும். கிராணி பெயர்ப் புத்தகத்தைப் புரட்டினார். விரல் ஓரிடத்தில் நின்றது.

"இந்த வீராயி யாரு? பதினோரு நாளாப் பெரட்டுல இல்ல."

"அவ பொண்ணு ஆஸ்பத்திரியில..." என்று ஆரம்பித்தேன்.

"தெரியும்லா. பொண்ணுக்குச் சொகமில்லன்னா மரம் காத்துக்கிட்டு நிக்குமா? எழுது."

எழுதினேன். எழுத்து அழகாகவே விழுந்தது.

நன்றாகக் கவனியுங்கள். அவள் தாயின் பெயர் அதில் இல்லை. இல்லை என்று நான் சொல்லாததால் குழந்தை சோறு விட்டது. சோறு விட்டதால் படுத்தது. அது படுத்ததால் தாய் வேலைக்கு வரவில்லை. வராததால் பெயர் ஏறியது. அவள் பயந்தது வெறும் பயம்தான். அதை நிஜமாக்கிக் கொடுத்தவன் நான்.

லாரி வந்த காலை. பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு பெயர் கூப்பிட்டவனும் நானே. ஆஸ்பத்திரியிலிருந்து முதல் நாள்தான் திரும்பியிருந்தார்கள். காய்ச்சலுக்காக அஞ்சலையின் தலையை மழித்திருந்தார்கள். துணி மூட்டையின் மேல் உட்கார்ந்திருந்தாள். ஒரு கையால் தாயின் சேலையைப் பிடித்திருந்தாள். என்னைக் கண்டதும் கேட்டாள்.

"நான் கேட்டப்பவே எழுதிட்டீங்கதானே வாத்தியாரே?"

கோபம் இல்லை. அழுகை இல்லை. போட்ட கணக்கு சரிதானா என்று சிலேட்டை நீட்டிக் கேட்பதைப் போலக் கேட்டாள்.

என்ன சொல்வேன்? ஆமாம் என்றால் பொய். இல்லை என்றால், பிறகு ஏன் என்பாள். நீ நோயில் விழுந்தாய், அதனால்தான் என்று அந்த மொட்டைத் தலையைப் பார்த்துச் சொல்ல வேண்டும். நான் பட்டியலைக் குனிந்து பார்த்தேன். அடுத்த பெயரைக் கூப்பிட்டேன்.

வழியனுப்ப வந்த பெண்களோடு ராக்குவும் நின்றிருந்தாள், கையில் புல் வெட்டும் கத்தியோடு. "இந்த வாயி பள்ளிக்கூடத்துல கத்துறதுக்கு மட்டுந்தானா?" என்றாள், எனக்குக் கேட்கும்படியே. பிறகு லாரிச் சக்கரத்தின் மேல் கால் வைத்து ஏறி, குழந்தையின் முகத்தருகே முகத்தைக் கொண்டுபோனாள்.

"அஞ்சலை, இப்ப எவ்ளோடி இருக்கு? எங்கிட்ட சொல்லு."

அஞ்சலை அவளைப் பார்த்தாள்.

"சுகமாக இருக்கிறேன், அக்கா" என்றாள்.

ராக்குவிடமே அப்படிச் சொன்னாள்... ராக்கு இறங்கிவிட்டாள். லாரி போய்விட்டது.

அவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. எந்தக் கிராமம் என்று புத்தகத்தில் இருந்தது. நான் கடிதம் எழுதவில்லை. என்னவென்று எழுதுவது? இரண்டு வருஷம் கழித்துத் தோட்டத்தை விட்டுக் கிளம்பும்போது ராக்குவிடம் போய், தப்பு செய்துவிட்டேன், மன்னித்துவிடு என்றேன். "எங்கிட்ட எதுக்குக் கேக்குறீங்க? லாரியில ஏறினது நானா?" என்றாள். புல்லை வெட்டிக்கொண்டே சொன்னாள். நிமிரக்கூட இல்லை.

இப்போது ஈப்போவில் ஒரு பலசரக்குக் கடையில் எழுத்து வேலை பார்க்கிறேன். கல்யாணம் ஆகிவிட்டது. ஏழு வயதில் ஒரு மகள். அவளும் சில காலை வேளைகளில் வயிற்று வலி என்கிறாள். கூட்டத்துக்குப் போய்வந்த மறுநாள் அவளை உட்கார வைத்து, "உள்ள எவ்ளோம்மா இருக்கு? சொல்லு, எவ்ளோ?" என்று கேட்டேன். என்னை மேலும் கீழும் பார்த்தாள். "அம்மா, அப்பாவுக்குப் பசிக்குதாம்" என்று அடுப்படிக்கு ஓடிவிட்டாள். இத்தனை நாள் அதட்டிவிட்டு ஒரே நாளில் கேட்டால் அப்படித்தான். மறுநாளும் கேட்டேன். ஒன்றுமில்லை என்றாள். பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருக்கிறேன். எனக்கு அப்படி உட்கார வரவில்லை. ஐந்து நிமிஷத்தில் எழுந்துவிடத் தோன்றுகிறது. உட்கார்ந்திருக்கிறேன்.

நீங்கள் உச்சுக் கொட்டுவது எனக்குக் கேட்கிறது. நிறுத்துங்கள். உங்கள் இரக்கத்தில் எனக்கு மதிப்பில்லை. உங்கள் வீட்டுக் குழந்தை பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டபோது நீங்கள் எதை எடுத்தீர்கள்? விளக்கெண்ணெயா, பிரம்பா? வேலை போய்விடுமோ என்று நீங்களும் மனைவியும் அதன் தலைமாட்டில் பேசிவிட்டு, அது கேட்டபோது சின்னப் பிள்ளைக்கு என்ன பேச்சு என்றீர்களா இல்லையா? கேளுங்கள். பதில் தெரிந்தால் சொல்லுங்கள். தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லுங்கள். குழந்தை சொல்லி முடிக்கும்வரை எழுந்து போகாதீர்கள். இதற்கு நாலாம் வகுப்புகூட வேண்டாம். எழுத்தறியாத ஒருத்தி செய்தாள், நாங்கள் அவள் கையில் கத்தியைக் கொடுத்துப் புல்லு வெட்ட அனுப்பினோம்.

பெரிய கிராணி, உம்மிடம் வருகிறேன். அடுத்த கூட்டத்துக்கு நான் வருவேன், முன் வரிசையில் உட்காருவேன். இரண்டு கேள்வி. பன்னிரண்டு பேர் யாரென்று முதல் நாளே முடிவு செய்துவிட்டு, மற்ற வீட்டுக் குழந்தைகளுக்கு ஏன் நாலு வாரம் சொல்லவில்லை? வீராயி ஆஸ்பத்திரியில் மகளோடு இருக்கிறாள் என்று தெரிந்தே அவள் பெயரை ஏன் எழுதச் சொன்னீர்? கடைக்கு ஆள் அனுப்பாதீர். தனியே கூப்பிட்டுத் தோளில் கை போடாதீர். என் பங்கை நான் ஊரறிய எழுதிவிட்டேன். உம் பங்கை நீர் கூட்டத்தின் முன்னால் எழுந்து நின்று, கடைசி வரிசைக்குக் கேட்கும்படி சொல்லும்.